சொன்ன இடத்தில் திரும்பும் பந்து

பௌலிங் கூடத்துப் பொதுப் பந்துகளோடு சில மாதம் விளையாடிவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பிடித்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணா, எந்தப் பந்து நல்லா வளையும்?" வெள்ளவத்தையிலிருந்து வரும் தம்பியும் இதைத்தான் கேட்பார், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் தங்கையும் இதைத்தான் கேட்பார். இணையக் காணொளிகளில் பந்து சாக்கடை ஓரம்வரை போய், திடீரெனத் திரும்பி வந்து பத்துப் பின்னையும் சிதறடிப்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு கேள்வி தோன்றுவது கடினம். ஆனால் கொழும்பில் ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு விளையாடப்போகிறவருக்கு நான் சொல்லும் பதில் வேறு. எவ்வளவு வளைகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். இன்று வளைந்த அளவு நாளையும் வளையுமா, இரண்டாம் லேனில் (பந்து ஓடும் பாதையில்) செய்ததை ஆறாம் லேனிலும் செய்யுமா என்பதை முதலில் பாருங்கள்.

இதற்கான காரணம் பந்தில் இல்லை, லேனில் இருக்கிறது. எறிபவர் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் ஏறக்குறைய 41½ அங்குலம், அதற்குள் 39 பலகைகள். இன்றைய செயற்கை லேன்களில் உண்மையான பலகை இல்லாவிட்டாலும் கோடுகளாக வரைந்திருப்பார்கள், கணக்கும் பலகையில்தான். இந்தப் பரப்பின் முதல் 40 அடி அளவுக்கு ஓர் இயந்திரம் எண்ணெய் பூசும். ஒரு லேனுக்கு மொத்தமாக 20 முதல் 30 மில்லிலீற்றர் வரைதான் போகும். ஒரு சிறிய மருந்துப் போத்தல் அளவு எண்ணெயை அவ்வளவு நீளத்துக்கு இழுத்தால் தடிப்பு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் வரும். அந்த மெல்லிய படலம்தான் பந்து எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. எஸ்எஸ்சி மைதானத்தில் ஐந்தாம் நாள் பந்து முதல் நாளைப்போல் திரும்பாது. ஆடுகளம் தேய்கிறது, வெடிக்கிறது, பந்துவீச்சாளர் அதைக் கணக்கில் எடுக்கிறார். லேனும் அப்படித்தான், ஒவ்வொரு பந்துக்கும் மாறிக்கொண்டே போகும். வித்தியாசம் என்னவென்றால், ஆடுகளத்தின் வெடிப்பைக் கடைசி வரிசை ரசிகனும் பார்க்கலாம். எண்ணெய் எங்கே போனது என்பதைப் பந்து போன வழியை வைத்து ஊகிக்க மட்டுமே முடியும். அப்படி ஊகிக்க வேண்டுமென்றால் பந்து ஒரே மாதிரி நடந்துகொள்கிறதாக இருக்க வேண்டும். தன் இஷ்டத்துக்கு ஆடும் பந்து எறிபவரின் கை பிழைத்ததா, லேன் மாறியதா என்று சொல்லாது.

கையை விட்ட பந்து பின்களை அடைய இரண்டரை விநாடி எடுக்கும். அந்த நேரத்துக்குள் அது மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் எண்ணெயின்மேல் வழுக்கிப் போகும். பிறகு உராய்வு கூடக்கூடச் சுழற்சியின் திசைக்கு வளையும். கடைசியில் வேகமும் சுழற்சியும் ஒத்துப்போய், வளைவை நிறுத்தி நேராக உருளும். அப்படி உருளத் தொடங்கிய நிலையில் பின்களை அடிக்கும் பந்துக்குத்தான் நல்ல பலன் கிடைக்கும்.

வளைவே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். அமெரிக்காவில் விதிமுறைகளை வகுக்கும் யூஎஸ்பிசி நடத்திய ஆய்வுகளின்படி, வலக்கைக்காரர் ஒருவரின் பந்து வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் பதினேழரையாவது பலகையில், ஏறக்குறைய 6 பாகைக் கோணத்தில் நுழையும்போது ஸ்ட்ரைக் (ஒரே எறியில் பத்துப் பின்னும்) விழும் வாய்ப்பு மிக அதிகம். நேராக எறியும் பந்தால் அந்தக் கோணத்தில் பாதியைக்கூட எட்ட முடியாது. லேன் அவ்வளவு ஒடுக்கமானது. ஆகவே வளைவு தேவை. அதை எந்த வடிவத்தில் எடுப்பது என்பதில்தான் தெரிவு இருக்கிறது. ஒரு வகைப் பந்து 40 அடிவரை நேரே ஓடி, எண்ணெய் முடிந்ததும் சட்டென முறியும். இன்னொரு வகை 30, 35 அடியிலேயே மெல்லத் திரும்பத் தொடங்கி, கடைசிவரை ஒரே சீராக வளைந்து வரும். காணொளியில் முதலாவதுதான் எடுபடும். நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கொழும்பில் நாம் விளையாடும் சூழலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இங்கே பௌலிங் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சனிக்கிழமை பின்னேரம் பிறந்தநாள் கொண்டாட வரும் பிள்ளைகள், அலுவலக நண்பர்கள், குடும்பங்கள் எல்லோரும் விளையாடி முடித்த லேனில்தான் நாம் போய் நிற்போம். எண்ணெய் பூசிய கையோடு ஒரு லேன் கிடைப்பது அரிது. அந்தக் கூட்டம் எறிவது கூடத்துப் பொலியெஸ்டர் பந்துகளை. பொலியெஸ்டர் எண்ணெயை உறிஞ்சாது. முன்பகுதியில் இருந்ததைத் தொட்டுக்கொண்டு போய் பின்பகுதியில் ஒட்டிவிடும். நடுவால் நேரே எறிந்த பந்துகள் நூற்றுக்கணக்கில் போனபிறகு, 40 அடிக்கு அப்பால் காய்ந்திருக்க வேண்டிய நடுப்பகுதியில் மெல்லிய எண்ணெய்க் கீற்றுகள் கிடக்கும். பொதுவான கூடப் பூச்சில் நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெய் விகிதம் பத்துக்கு ஒன்று அளவில் இருப்பதால், ஓரப் பலகைகள் தொடக்கத்திலிருந்தே காய்ந்தவை. போட்டிகளுக்கான ஸ்போர்ட் பூச்சில் இந்த விகிதம் இதைவிட மிகக் குறைவு. அது இன்னும் கடினம், ஆனால் குறைந்தபட்சம் ஒழுங்கானது. நமக்குக் கிடைப்பது ஒழுங்கற்றது.

இந்த லேனில் சட்டென முறியும் பந்தை எறிந்தால் நடப்பது இதுதான். இரண்டு பலகை வெளியே போனால் காய்ந்த இடத்தைத் தொட்டு, பாய்ந்து உள்ளே வந்து, முதல் பின்னையே தாண்டி மறுபக்கம் போகும். இரண்டு பலகை உள்ளே போனால் பின்பகுதி எண்ணெயில் வழுக்கி, திரும்பவே திரும்பாது. நான்கு பலகை என்பது நாலே கால் அங்குலம். கையில் நாலு அங்குலம் பிசகாத மனிதர் எங்கே இருக்கிறார்? சீராக வளையும் பந்தும் இதே பிசகில் தவறும், ஆனால் கொஞ்சமாகத்தான் தவறும். ஸ்ட்ரைக் விழாத இடத்தில் எட்டுப் பின், ஒன்பது பின் விழும். மிச்சத்தை இரண்டாவது எறியில் ஸ்பெயாராக எடுக்கலாம். பிளவுபட்டு நிற்கும் பின்களை எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பந்தில் எதைப் பார்ப்பது என்று வருவோம். மேலோட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் முதன்மையானது. 2000களின் நடுப்பகுதியில் தொடங்கி யூஎஸ்பிசி நடத்திய பந்து இயக்க ஆய்வு, பந்தின் ஓட்டத்தைத் தீர்மானிக்கும் காரணிகளை ஒவ்வொன்றாக அளந்து வரிசைப்படுத்தியது. அதில் முன்னே நின்றவை மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பும் மேலோட்டின் தன்மையும்தான். உள்ளே இருக்கும் கோர் அதற்குப் பிறகுதான் வந்தது. விளம்பரங்களில் பந்தை வெட்டிக் காட்டி, வினோதமான வடிவத்தில் ஒரு கோரைப் படம்போட்டு விற்பதால், வாங்குகிறவர்கள் தலைகீழாக யோசிக்கப் பழகிவிட்டார்கள்.

மேலோடுகளில் இன்று மூன்று குடும்பங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பொலியெஸ்டர் மிகக் குறைவாக வளையும். ஸ்பெயார் எடுக்க அதைவிட நல்லது இல்லை. 1980களின் தொடக்கத்தில் வந்த யூரித்தேன் லேனை முன்கூட்டியே பிடித்து, மிகச் சீராக வளையும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரீயாக்டிவ் ரெசினில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அது எண்ணெயை உறிஞ்சும், எண்ணெயில் வழுக்கும், காய்ந்த இடத்தில் பலமாகப் பிடிக்கும். இன்று ஸ்ட்ரைக்குக்கு எறியும் பந்துகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

சீரான வளைவுதான் வேண்டுமென்றால் யூரித்தேனே போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்ந்த லேனில் யூரித்தேன் மிக அழகாக வேலை செய்யும். ஆனால் எண்ணெய் சற்றுக் கூடினாலும் கோணம் போதாமல் போய்விடும், முதல் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் இடையிலுள்ள பொக்கெட்டில் சரியாக அடித்தும் மூலைப் பின் நிற்கும். பொலியெஸ்டர்போல இதுவும் எண்ணெயைப் பின்பகுதிக்குத் தள்ளும். ஆகவே இரண்டு மூன்று ஆட்டம் கழித்து உங்கள் லேனை நீங்களே கெடுத்திருப்பீர்கள். தொழில்முறை ஆட்டத்தில் யூரித்தேன் பெரிய சர்ச்சையாகவும் இருந்தது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் தயாரான ஊதா நிற ஹாமர் யூரித்தேன் பந்துகள் தேவையான கடினத்தன்மை இல்லாதவை என்று கண்டு, 2022இல் யூஎஸ்பிசி தன் தேசியப் போட்டிகளில் அவற்றைத் தடுத்தது. மேலோடு எவ்வளவு மென்மையோ அவ்வளவு பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரே பந்து என்றால் யூரித்தேன் வேண்டாம் என்பது என் முடிவு. பிறகு வாங்கலாம்.

ரீயாக்டிவுக்குள் மூன்று பிரிவு: சொலிட், பேர்ல், ஹைபிரிட். பேர்லில் மைக்கா போன்ற மினுக்கம் சேர்ப்பதால் முன்பகுதியில் அதிகம் வழுக்கி, பின்னால் கூர்மையாகத் திரும்பும். சொலிட் முன்கூட்டியே லேனை உணரும், வளைவும் நிதானமாக இருக்கும். ஹைபிரிட் இரண்டையும் கலந்தது. கடைத் தட்டில் பேர்ல்தான் பளபளத்துக்கொண்டு கண்ணை இழுக்கும். முதல் பந்துக்குச் சொலிட், அது கிடைக்காவிட்டால் அதிகம் பொலிஷ் செய்யாத ஹைபிரிட்.

கோர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு எண்கள் உங்களுக்கு உதவும். முதலாவது ஆர்ஜி. பந்தின் எடை மையத்தை ஒட்டி இருக்கிறதா, ஓரத்தை நோக்கிப் பரவியிருக்கிறதா என்பதை அது சொல்லும். யூஎஸ்பிசி அனுமதிக்கும் எல்லை 2.46 முதல் 2.80 வரை. எண் குறையக் குறையப் பந்து முன்கூட்டியே சுழற்சி எடுத்து உருளத் தொடங்கும். இரண்டாவது டிஃபரென்ஷியல். பந்தின் மிகக் கூடிய ஆர்ஜிக்கும் மிகக் குறைந்த ஆர்ஜிக்கும் உள்ள இடைவெளி அது, உச்ச எல்லை 0.060. எறிந்து திரும்பி வந்த பந்தைத் தூக்கிப் பார்த்தால் எண்ணெய் வளையங்கள் பல, ஒன்றுக்கொன்று விலகித் தெரியும். அந்த விலகலைத் தருவது டிஃபரென்ஷியல். வளையங்கள் விலக விலக ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புது மேற்பரப்பு லேனைத் தொடும், பிடிப்பு கூடும். இந்த எல்லையில் நிறுவனங்கள் எவ்வளவு முட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம்: 2016இல் மோட்டிவ் நிறுவனத்தின் ஜக்கால் பந்துகள் இரண்டு, 0.060ஐத் தாண்டியதால் அனுமதியை இழந்தன.

எண்களைப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால் தெளிவாகும். 15 இறாத்தல் எடையில் ஸ்டோர்ம் ஐகியூ டுவர் பந்தின் டிஃபரென்ஷியல் 0.029. மோட்டிவ் வெனம் ஷொக் 0.034. ஸ்டோர்ம் ஹை-ரோட் 0.046. ஹாமர் பிளக் விடோ 2.0 என்றால் 0.058. முதல் இரண்டும் சொலிட் மேலோடு, 2.50க்குச் சற்றுக் கீழே ஆர்ஜி. கட்டுப்பாடான பந்து என்று விளையாட்டுக்காரர்கள் பேசும்போது மனதில் வைத்திருப்பது இந்த வகையைத்தான். ஹை-ரோட் ஹைபிரிட், நடுவில் நிற்கும். பிளக் விடோ எண்ணெய் நிறைந்த புது லேனில் மிகப் பலமான பந்து. நம் பின்னேர லேனில் அதை எறிந்தால் பாதி வழியிலேயே சக்தியைச் செலவழித்துவிடும். குறிப்பிட்ட பந்தைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தயாரிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், எண்கள் சொல்லும் கதை மாறாது. 0.030க்கும் 0.045க்கும் இடையில், ஆர்ஜி 2.48க்கும் 2.55க்கும் இடையில் தேடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் போடும் எண்கள் 15 இறாத்தல் பந்துக்கு உரியவை. 14க்கும் கொஞ்சம் மாறும். 12, 13 இறாத்தல் பந்துகளில் பல நேரம் கோரே வேறாக இருக்கும். பெண்களும் இளையவர்களும் வாங்கும்போது அந்த எடைக்குரிய எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார்.

கோர் சமச்சீரானதா இல்லையா என்பதும் உண்டு. சமச்சீரற்ற கோர் வழுக்கலிலிருந்து உருளலுக்கு வேகமாக மாறும், அந்த மாற்றம்தான் கூர்மையாகத் தெரிவது. சமச்சீர் கோர் அந்த மாற்றத்தை நிதானமாகச் செய்யும். முதல் பந்துக்குச் சமச்சீர், இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

பந்தின் கதை பாதிதான். மறுபாதி உங்கள் கை. ஒரே பந்தை இரண்டு பேர் எறிந்தால் இரண்டு பந்துபோல ஓடும். திரையில் மணிக்கு 28 கிலோமீற்றருக்கு மேல் காட்டும் வேகத்தில் எறிந்து, விரலால் அதிகம் சுழற்றாதவருக்குப் பலவீனமான பந்து வளையவே நேரமிருக்காது. அவர் நான் சொன்ன டிஃபரென்ஷியல் வரம்பின் மேல் நுனிக்குப் போகலாம். மெதுவாக எறிபவருக்கும் பலமாகச் சுழற்றுபவருக்கும் கீழ் நுனி. இரண்டு கையாலும் எறியும் பாணி இப்போது இளையவர்களிடம் பரவுகிறது, 15 மேஜர் பட்டங்கள் வென்ற அவுஸ்திரேலியர் ஜேசன் பெல்மொன்டேயைப் பார்த்துப் பழகியவர்கள். அந்தப் பாணியில் நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் எளிதாக வரும். அவர்களுக்குச் சீரான பந்து இன்னும் அவசியம். கூர்மையை அவர்கள் கையே தருகிறது, பந்தும் அதைத் தரத் தேவையில்லை.

துளையிடுவதைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். துளையிடாத பந்தில் ஒரு சிறிய நிறப்புள்ளி இருக்கும். கோரின் உச்சியை அது காட்டும், நாம் அடித்து வீழ்த்தும் பின்னைப்போல இதற்கும் பின் என்றுதான் பெயர். பந்து கையை விட்டதும் எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்த அச்சின் முனையிலிருந்து இந்தப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பந்தின் நடத்தையைத் துளையிடுபவர் வடிவமைக்கிறார். 3⅜ அங்குலத்தில் வைத்தால் வளையங்கள் மிக விரியும். நாலரை, ஐந்து அங்குலம் என்று தள்ளினால் விரிவு குறைந்து ஓட்டம் அமைதியாகும். புள்ளியை விரல் துளைகளுக்குக் கீழே வைத்தால் முன்கூட்டியே, நிதானமாக உருளும். மேலே வைத்தால் நீளமாகப் போய்க் கூர்மையாகத் திரும்பும். "சீராக, முன்கூட்டியே தெரிகிற மாதிரி வேண்டும்" என்று துளையிடுபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் வழக்கமான அமைப்பில் துளைத்துத் தந்துவிடுவார்.

அச்சைவிட முக்கியம் பெருவிரல். கொழும்பின் ஈரப்பதத்தில் விரல் நிலையாக இருப்பதில்லை. காலி வீதியில் வாகன நெரிசலில் வியர்த்து வந்து நின்றவுடன் விரல் வீங்கியிருக்கும். குளிரூட்டிய கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்தபின் சுருங்கும். துளை தளர்ந்தால் பந்தை இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் விடும் நேரம் பிந்தும், சுழற்சி அச்சு மாறும், மிகச் சீரான பந்தும் தாறுமாறாக ஓடும். பந்தைக் குறைசொல்லுமுன் இதைப் பாருங்கள். துளையைச் சற்று அகலமாகத் துளைக்கச் சொல்லி, உள்ளே ஒட்டும் பட்டிகளை ஒன்று கூட்டி ஒன்று கழித்துச் சரிசெய்வதுதான் நம் காலநிலைக்கு ஏற்ற வழி.

பந்து எப்படிக் கிடைக்கும்? கொழும்புத் தமிழர்கள் பலருக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு சித்தப்பா, ஒரு மச்சான் இருப்பார். விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது எளிதாகத் தோன்றும். 15 இறாத்தல் என்பது 6.8 கிலோ. 23 கிலோ பயணப் பொதியில் கால்வாசிக்கு மேல் போய்விடும், ஆகவே அவரிடம் கேட்குமுன் வேறு எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்று தெரிந்து கேட்பது மரியாதை. அதைவிட முக்கியம், துளையிடாத பந்தை வரவழைக்குமுன் இங்கே துளையிடக்கூடியவரைப் பேசி உறுதிசெய்துவிடுங்கள். உங்கள் கையை அளக்காமல் அங்கேயே துளைத்து வாங்குவது காசை வீணாக்குவது. மச்சானின் கையளவில் உங்கள் விரல் நிற்காது.

பாவித்த பந்து மலிவாகக் கிடைத்தால் அதையும் ஒதுக்க வேண்டாம், ஆனால் மூன்று விடயம் பாருங்கள். விரல் துளைகளுக்கு இடையே வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். மேலோடு எண்ணெயில் ஊறி மங்கிப்போயிருந்தால் வளைவு நன்றாகக் குறைந்திருக்கும். கொஞ்சம் மீட்கலாம், முழுவதும் முடியாது. விரலுக்கல்லாமல் சமநிலைக்காக ஒரு மேலதிகத் துளை இருந்தால், அது பழைய முறை. 2020 ஓகஸ்ட் முதல் யூஎஸ்பிசி விதிகளில் அந்தத் துளைக்கு இடமில்லை. நண்பர்களோடு விளையாடத் தடையில்லை, அந்த விதிகளைப் பின்பற்றும் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது.

வாங்கிய பந்தின் சீர் தானாக நிலைக்காது. மேற்பரப்புதான் முதன்மை என்றால், அதைக் காப்பதும் முதன்மைதான். பெட்டியிலிருந்து வரும்போது 2000, 3000 கிரிட் என்று ஒரு மெருகு இருக்கும். எண் குறைந்தால் சொரசொரப்பு, கூடினால் வழவழப்பு. லேனில் உரசி உரசிச் சில ஆட்டங்களிலேயே அந்தச் சொரசொரப்பு மழுங்கத் தொடங்கும். அப்போது பந்து முன்னே வழுக்கி, பின்னே கூர்மையாகத் திரும்பும். அதாவது எதைத் தவிர்க்க சொலிட் வாங்கினோமோ அதையே செய்யத் தொடங்கும். பலர் இதைப் பந்து "செத்துவிட்டது" என்கிறார்கள். சாகவில்லை, சொரசொரப்புப் போய்விட்டது. 3000 கிரிட் நுரைத் தட்டால் பந்தைச் சுற்றிச் சமமாகத் தேய்த்தால் பழையபடி வரும். இதே வகைத் தட்டுகளை வாகனப் பூச்சு வேலை செய்பவர்களும் பாவிப்பதால், பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடிப் பார்க்கலாம். ஆனால் லேன் காய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் 1000, 500 என்று இறங்காதீர்கள். சொரசொரப்பான பந்து காய்ந்த லேனில் நேரத்தோடு உருண்டு முடித்து, பின்களிடம் போய்ச் சேரும்போது பலமில்லாமல் இருக்கும். நம் லேன்களுக்கு 3000இலிருந்து 4000 வரை போதும்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து எண்ணெயைத் துணியால் துடைப்பது, வீட்டுக்குப் போகுமுன் பந்துக்குரிய திரவத்தால் சுத்தம் செய்வது, இரண்டும் கட்டாயம். ஊறிய எண்ணெயை எடுக்க, துளைகளை ஒட்டி மூடிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் கொஞ்ச நேரம் வைக்கலாம். வெயிலில் காயவைப்பதும், காரின் பின்பெட்டியில் விட்டுவிடுவதும் கூடாது. காலிமுகத்திடல் பக்கம் நண்பகலில் நிறுத்திய காருக்குள் ஏறும் சூடு ரெசின் மேலோட்டை வெடிக்கவைக்கப் போதும். குளிரூட்டிய கூடத்திலிருந்து மழைக்கால இரவில் வெளியே எடுத்தால் பந்தின்மேல் நீர் வியர்க்கும், பையில் போட்டு மூடுமுன் துடைத்துவிடுங்கள்.

பந்து சரியானதா என்பதை எப்படி அறிவது? காணொளிகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் புதிதாகப் பூசிய லேன், பலமாகச் சுழற்றும் கை. நம்முடைய இரண்டும் வேறு. பந்தை எடுத்த முதல் நாள் ஸ்கோரை மறந்துவிட்டு, லேனில் வரைந்திருக்கும் அம்புகளில் உங்கள் கைப்பக்க ஓரத்திலிருந்து இரண்டாவதை இலக்காக வைத்துத் திரும்பத் திரும்ப எறியுங்கள். பின் எத்தனை விழுந்தது என்பதை விட்டு, பந்து எந்த இடத்தில் திரும்புகிறது என்பதைப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே இரண்டு பலகை வெளியே, இரண்டு பலகை உள்ளே எறிந்து பாருங்கள். அடுத்த லேனுக்கு மாறி மறுபடியும் செய்யுங்கள். மூன்று கோடுகளிலும் பந்து பின்களைச் சேரும் இடம் ஒரு கைப்பிடி அளவுக்குள் இருந்தால் நல்ல பந்து கிடைத்திருக்கிறது. அகலமாகச் சிதறினால் முதலில் பெருவிரல் துளை, பிறகு மேற்பரப்பு, கடைசியில்தான் பந்து.

எண்ணெய் எத்தனை அடிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஊழியரிடம் கேட்டால் சில இடங்களில் சொல்வார்கள். அந்த எண்ணிலிருந்து 31ஐக் கழித்தால் பந்து திரும்ப வேண்டிய பலகை வரும், 40 அடி என்றால் ஒன்பதாவது. புதிதாகப் பூசிய லேனுக்கான கணக்கு இது. பலர் விளையாடிய பின் அது தொடக்கப் புள்ளி மட்டுமே. பந்து அதிகம் வளைந்து இடப்பக்கம் போகத் தொடங்கினால், வலக்கைக்காரர் காலையும் இலக்கையும் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். சீரான பந்தில் அந்த நகர்வு ஒரு பலகை, இரண்டு பலகை என்று சிறிதாக இருக்கும், அதனால் செய்யப் பயமிருக்காது.

ஸ்பெயாருக்கு இந்தப் பந்தைப் பாவிக்காதீர்கள். மூலையில் தனியாக நிற்கும் பத்தாவது பின்னுக்கு வளைவு எதிரி. கூடத்துப் பொலியெஸ்டர் பந்தில் கைக்கு ஓரளவு பொருந்துவதை எடுத்து நேராக எறிந்தால் போதும். செலவழிக்கக் காசு மிஞ்சினால் முதலில் வாங்க வேண்டியது சொந்தமாக ஒரு பொலியெஸ்டர். மூன்றாவதாக எதை வாங்குவது என்பதை முதல் பந்து காட்டும். ஆறு மாதம் எறிந்தபின் அது பெரும்பாலும் வளையாமல் குறைந்துபோனால் பலமானது ஒன்று, பெரும்பாலும் வளைந்து தாண்டிப்போனால் யூரித்தேன் ஒன்று. எது நடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு சிறு குறிப்பேட்டில் லேன் எண்ணோடு எழுதி வையுங்கள்.